கம்முனு உக்காரக் கட்டணம் எவ்வளவு கண்ணு?

வா கண்ணு, இப்புடி உக்காரு. தியான முகாமுக்குப் பணங்கட்டிப் போட்டேன்னு உங்கம்மா சொன்னா. நெம்ப நல்லது. எவ்வளவு கட்டினே? சும்மா சொல்லு. உங்கப்பங்கிட்ட நான் ஓதிவிட மாட்டேன்.

அடேங்கப்பா! கம்முனு உக்காரறதுக்கா அத்தனை பணம்?

நானும் இந்தத் திண்ணையில நெம்ப காலமாக் கம்முனுதான் உக்காந்திருக்கறேன். ஒருத்தனும் எனக்குப் பத்துப் பைசா குடுத்ததில்லை. "நீங்க சாஞ்சுக்காட்டியும் தூணு நிக்கும், எந்திரிச்சுப் போயி எருமைக்குத் தண்ணி காட்டுங்க"ன்னுதான் உங்க அமத்தா சொல்லுவா. என்ற குரு அவதான்னு வெச்சுக்கயேன்.

கோவிச்சுக்காதே. உக்காரறது தப்புன்னு நான் சொல்லலை. கண்ணை மூடிச் சித்த நேரம் பொட்டாட்ட இருந்தா மனசு அடங்குது. கோவம் கொறையுது. ராத்திரி தூக்கம் வருது. இதெல்லாம் மெய்தான். வெடியால எந்திரிச்சுக் கெணத்தடியில குளிச்சுப்போட்டு, திருநீறு பூசிக் கெழக்கப் பாத்து நின்ன உங்க பாட்டன் பூட்டனுக்கும் அது தெரியும். அதுக்கு ஒரு பேரு வெக்கோணும், சின்னம் போடோணும்னு அவியளுக்குத் தோணலை, அவ்வளவுதான். என்ற சந்தேகமெல்லாம் அந்த உக்காரறதைச் சுத்தி நடக்கற அமர்க்களத்து மேல.

நீ காட்டினியே காயிதம், கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாத்தேன். வெள்ளைத் துணிதான் உடுத்தோணுமாமா. அதுவும் பருத்தி. ஏன், கட்டம் போட்ட லுங்கி கட்டினா மூச்சு உள்ள போகாதா? உக்கார ஒரு மெத்தை, முதுகுக்கு ஒரு சாய்மானம், தோளுக்கு ஒரு சால்வை. எல்லாம் அங்கியே வெலைக்குக் கெடைக்குமாமா. அப்புறம் முதல் நிலை, ரண்டாம் நிலை, மேல்நிலைன்னு போட்டிருக்குது. மேல்நிலைன்னா எனக்குப் பஞ்சாயத்துத் தண்ணித்தொட்டிதான் நாபகம் வருது. முதல் நிலை முடிச்சாத்தான் ரண்டாவதுக்கு உடுவாங்களாமா. ரண்டாவதுக்குத் தனிப் பணமாமா. மூணாவதுல என்ன சொல்லித் தருவீங்கன்னு கேட்டா, "அதை அனுபவிச்சுத்தான் உணரோணும்"ங்கறாங்க. பண்டத்தைக் காட்டாம வெலை சொல்லற யாவாரியை நம்ம சந்தையில எத்தனை நேரம் நிக்க உடுவாங்க? நீயே சொல்லு.

உன்ற சிநேகிதன் ஒருத்தன் போயிட்டு வந்தானே, மூணு நாள் மௌனம்னு. அந்த மூணு நாளும் அவன் போனுல என்ன போட்டான்? "நான் மௌனத்தில் இருக்கிறேன்"னு போட்டோ. மலையைப் பாத்துக்கிட்டு ஒண்ணு. மரத்தடியில ஒண்ணு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஒண்ணு. ஏஞ் சாமி, கண்ணு மூடியிருக்கறப்ப அந்தப் போட்டோவைப் புடிச்சது ஆருன்னு கேட்டேன். அப்பத்தான் அவனுக்கு மௌனம் மெய்யாலுமே வந்துச்சு.

இன்னொண்ணுஞ் சொன்னான். குரு அவனைப் பாத்துச் சிரிச்சாராம். பந்தல்ல பத்தாயிரம் பேரு. அவரு எங்கியோ மேடையில. நடுவுல பூச்செடி, கேமராக்காரன், பெரிய திரை. ஆனாலும் இவனைத்தான் பாத்தாராம். முன்னால இருந்தவனைக் கேட்டா அவனும் அதையே சொல்லுவான், பின்னால இருந்தவளும் அதையே சொல்லுவா. நம்மூரு மாரியாத்தா தேருல வர்றப்ப ஒவ்வொரு கெழவியும் அப்புடித்தான் கண்ணு கலங்குவா. அதைக் கேலி பண்ண மாட்டேன். ஆனா மாரியாத்தா அதுக்குப் பொறகு "வேலையை உட்டுப்போட்டு என்கூட வந்துரு"ன்னு ஆரையும் கூப்புட்டதில்லை. அடுத்த நிலைக்குப் பணங்கட்டச் சொல்லிச் சேதியும் அனுப்பினதில்லை.

உனக்கு ஒரு சாமியோட வரவு செலவுக் கணக்குச் சொல்லட்டுமா? வருசம் 1896. திருச்சுழியில பொறந்த பையன், வெங்கட்ராமன்னு பேரு, வயசு பதினாறு. மதுரையில சித்தப்பா ஊட்டுல இருந்து படிச்சுக்கிட்டிருந்தான். அவனுக்குத் திருவண்ணாமலைக்குப் போகோணும்னு ஆயிருச்சு. அண்ணனுக்குக் காலேசுப் பீசு கட்டோணும், பொட்டியில இருந்து அஞ்சு ரூபா எடுத்துக்கிட்டுப் போன்னு அந்த அண்ணனே சொல்லறாரு. பையன் என்ன பண்ணினான்? மூணு ரூபா எடுத்துக்கிட்டான். மிச்சம் ரண்டு ரூபாயைச் சீட்டோட வெச்சான். உன்ற பீசு இன்னும் கட்டலை, ரண்டு ரூபா இதுல இருக்குதுன்னு அந்தச் சீட்டுலயே எழுதியும் வெச்சுப்போட்டான்.

இங்க நிறுத்து கண்ணு. எல்லாரும் அவரு பொறகு மலையில இருந்த கதையைத்தான் பேசுவாங்க. எனக்கு இந்த ரண்டு ரூபாதான் கண்ணுல நிக்குது. கடவுளைத் தேடி ஊட்டை உட்டு ஓடற பையன், தனக்கு மூணு போதும்னு கணக்குப் போட்டு, அடுத்தவன் காசைத் திருப்பி வெச்சுட்டுப் போறான். போற வழியில காசு தீந்துருச்சு. நடந்தான். காதுல கெடந்த கடுக்கனை அடகு வெச்சு நாலு ரூபா வாங்கினான். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை போய்ச் சேந்தான். கையில மிஞ்சின காசை அய்யங்குளத்துல வீசினான். அதோட அந்தப் பேரேடு முடிஞ்சுது. 1950-ல சாகற வரைக்கும், அம்பத்தி நாலு வருசம், அந்த ஊரை உட்டு அக்கட்டால போகலை. கட்டணம் கேக்கலை. நிலை ஒண்ணு, நிலை ரண்டுன்னு வெக்கலை.

அந்தப் பையன்தான் ரமண மகரிசி. அவரு அம்மா 1922-ல மலையடிவாரத்துல அடக்கமான பொறகுதான் அங்க ஆசிரமம்னு ஒண்ணு மெல்ல எழும்புச்சு. அங்க அவரு என்ன பண்ணினாருன்னு நெனைக்கறே? வெள்ளைக்காரங்க கப்பலேறி வந்து காத்துக் கெடந்த காலத்துலயும், பொழுது விடியறதுக்கு மின்னாலயே எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவாரு. காய் நறுக்குவாரு. சட்டினி அரைப்பாரு. எதையும் வீணாக்க உட மாட்டாரு. பந்தியில தன் எலையில மட்டும் ஒரு கரண்டி எச்சா உழுந்துட்டா அவருக்குப் புடிக்காது. எல்லாருக்கும் என்னவோ அதுதான் எனக்கும்பாரு. நாயும் கொரங்கும் மயிலும் உள்ள வரும் போகும். லச்சுமின்னு ஒரு பசு, 1948-ல செத்துச்சு. அதுக்கு அங்கியே சமாதி கட்டி வெச்சிருக்குது, போனீன்னா பாரு. நீ நம்ம கட்டுத்தரைப் பக்கம் வந்தா மூக்கைப் புடிச்சுக்கிட்டுப் போறே. அங்க போயி அந்தப் பசு சமாதியைச் சுத்திக் கும்புடுவே, எனக்குத் தெரியும்.

1924-ல ராத்திரித் திருடங்க வந்தாங்க. இந்தப் பரதேசிங்ககிட்ட என்ன இருக்கும்னு நெனைச்சு வந்தாங்களோ தெரியலை, பெருசா ஒண்ணும் கெடைக்கலை. அந்தக் கோவத்துல அவரு தொடையில ஒரு அடி போட்டாங்க. பத்தலைன்னா இன்னொரு காலையும் அடிச்சுக்கன்னாராம் மனுசன். கூட இருந்தவங்க தடியெடுத்தப்பவும் வேண்டாம்னு நிறுத்திப்போட்டாரு. இப்ப நீ போற மாதிரி எடத்துல வாசல்லயே உன்ற பையைப் பொட்டிக்குள்ள உட்டு உள்ள என்ன இருக்குதுன்னு படம் பாக்கறாங்க. காலம் கெட்டுக் கெடக்குது, அதைக் குத்தஞ் சொல்ல முடியாது. ஆனா உள்ள போன பொறகு, "எல்லாம் மாயை, பயத்தை உடு"ன்னு சொல்லறப்ப எனக்குச் சிரிப்பு வந்துரும்.

இத்தனை எளிமையா இருந்த எடத்துலயே, அவரு உசுரோட இருக்கறப்பவே, நிர்வாகம் ஆரு கையிலன்னு கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு தெரியுமா? அந்த மனுசன் மேல தப்பில்லை. நாலு பேரு கூடின எடத்துல ஒரு சாவிக்கொத்து முளைச்சுக்கும். சாவிக்கொத்து இருந்தா அதை இடுப்புல சொருகிக்கறதுக்கு ஒருத்தன் வருவான்.

போறப்ப, இன்னாருதான் எனக்கு அடுத்த குருன்னு அவரு ஆரையும் கையைக் காட்டலை. அதனால இப்ப என்ன ஆச்சு? அதே ஊருல கிரிவலப் பாதையில நடந்து பாரு. சுவத்துல ஒட்டின காயிதத்துல எத்தனை பேரு சிரிக்கறாங்க! சத்சங்கம் பத்து மணிக்கு, கேள்வி பதில் பதினோரு மணிக்கு. வெள்ளைக்காரங்க வர்ற மார்கழி, தை மாசத்துல குருமாரு வெளைச்சல் அமோகம். சித்திரை வெயில்ல போனா பாதிப் பேரைக் காணோம். ஞானத்துக்கு வெயில் ஆகாதாட்ட இருக்குது.

நீ கேப்பே, அப்ப உசுரோட இருக்கற குருவே வேண்டாமா அப்பிச்சின்னு. வேணுங் கண்ணு. செத்துப்போன சாமிகிட்ட ஒரு சவுரியம் இருக்குது, நமக்கு எப்புடி வேணுமோ அப்புடிப் பேசுவாரு. உசுரோட இருக்கறவருதான், "டேய், நீ பண்ணறது தப்பு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு. அதுக்குத்தான் குருன்னு ஒருத்தரு வேணும். ஆனா பத்தாயிரம் பேருக்கு மின்னால மேடையில இருக்கறவரு உன்ற தப்பை எப்புடிப் பாப்பாரு? உன்ற பேரு அவருக்குத் தெரியுமா? நீ கடன் வாங்கி முகாமுக்கு வந்திருக்கறது தெரியுமா? உன்னையத் திட்டறதுக்காவது அவருக்கு நேரம் இருக்குதா?

எனக்குப் புடிச்ச குரு ஒருத்தரு கணக்கரு. சிரிக்காதே. பர்மாவுல ஊ பா கின்னு பேரு. 1948-ல பர்மாவுக்குச் சுதந்தரம் வந்தப்ப அந்த நாட்டுக்கே தலைமைக் கணக்கரு அவரு. காவியும் கட்டலை, காட்டுக்கும் போகலை. ஆபீசுல வேலை பாக்கறவங்களுக்கே உக்காந்து மூச்சைப் பாக்கச் சொல்லிக் குடுத்தாரு. 1952-ல ரங்கூன்ல ஒரு தியான மையம் வெச்சாரு. கண்ணை மூடிக்கிட்டு இருந்தவரு, கண்ணைத் தொறந்தா பேரேடு பாத்தாரு. அந்த மாதிரி ஆளுகிட்ட நீ ரசீது கேட்டா அவரு உன்னைய ஞானசூனியம்னு சொல்ல மாட்டாரு.

அவருகிட்டப் போனவருதான் கோயங்கா. மாண்டலேயில பொறந்த மார்வாடி யாவாரி. பொறுக்க முடியாத ஒத்தைத் தலைவலி. அதுக்காகத்தான் போனாரு. தலைவலி தீர்றதுக்குன்னா இங்க வராதேன்னு கணக்கரு மொதல்ல சொல்லிப்போட்டாரு. பாத்தியா? கூட்டஞ் சேக்கறவங்க ஆராவது வாசல்ல வந்த பணக்காரனைத் திருப்பி அனுப்புவாங்களா? அப்புறம் 1955-ல அவரும் உக்காந்து கத்துக்கிட்டாரு. 1969-ல இந்தியாவுக்கு வந்து சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாரு. நாசிக் பக்கம் இகத்புரியில அவிய பெரிய எடம் இருக்குது. பத்து நாள். பேச்சுக் கூடாது. போனை வாங்கிப் பூட்டி வெச்சுக்குவாங்க. கட்டணம் கெடையாது. தங்கி, தின்னு, முழுசா முடிச்சவன் மனசாரக் குடுத்தா வாங்கிக்குவாங்க, முடிக்காதவன் காசு வேண்டாம். முட்டி வலிச்சு முதுகு வலிச்சு, அதுக்கப்புறமும் குடுக்கோணும்னு தோணுச்சுன்னா குடு. அதுல ஒரு நேர்மை இருக்குது. கோயங்கா 2013-ல போயிட்டாரு. இன்னைக்கும் அவரு கொரலும் படமுந்தான் பாடம் நடத்துது.

அதுலயும் ஒரு கூத்து உண்டு. பத்து நாள் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு வர்றவன், அடுத்த ஆறு மாசத்துக்கு அந்தப் பத்து நாளைப் பத்தியே பேசறான். அடக்கினது அத்தனையும் எங்க காதுல. "வெடியால நாலு மணிக்கு மணியடிச்சு எழுப்பிருவாங்க தெரியுமா!"ங்கறான். நம்ம எருமை மணியே அடிக்காம நாலு மணிக்கு எழுப்புது. அதைப் போயி ஆருகிட்டச் சொல்ல?

செரி, தூரத்து நாயமே பேசிக்கிட்டிருக்கறேன். இங்க பொள்ளாச்சிப் பக்கம், ஆழியாறு அணைக்குப் பக்கத்துல அறிவுத்திருக்கோயில் இருக்குதே, அதை உண்டாக்கின வேதாத்திரி மகரிசி 1911-ல கூடுவாஞ்சேரியில நெசவாளி ஊட்டுல பொறந்தவரு. தறியில உக்காந்தவரு. யாவாரம் பண்ணினவரு. குடும்பஸ்தரு. 1958-ல உலக சமுதாய சேவா சங்கம்னு தொடங்கி, மனவளக்கலைன்னு பேரு வெச்சு, உடற்பயிற்சியும் தவமும் சொல்லிக் குடுத்தாரு. அவரு பண்ணினதுலயே எனக்கு நெம்பப் புடிச்சது வேற ஒண்ணு. அவரு சம்சாரம் லோகாம்பாள் பொறந்த நாளு ஆகஸ்ட் 30. அந்த நாளை மனைவி நல வேட்பு நாள்னு வெச்சு, புருசங்க அத்தனை பேரும் பொண்டாட்டியை வாழ்த்தோணும்னு சொல்லிப்போட்டாரு.

உனக்கு இன்னுங் கல்யாணம் ஆகலை, அதனால இது எத்தனை பெரிய வேலைன்னு தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு உலகத்தை வாழ்த்தறது சுலுவு. உலகம் எதுத்துப் பேசாது. "நேத்து சொன்ன அரிசி மூட்டை எங்கே?"ன்னு கேக்காது. பொண்டாட்டியை எதுக்க உக்கார வெச்சு, கண்ணைத் தொறந்து பாத்து வாழ்த்துடான்னா, பாதிப் பேருக்கு வேர்த்துரும். அந்த நெசவாளிக்கு மனுசனைத் தெரிஞ்சிருக்குது.

வேற எங்கியோ முகாமுக்குப் போயிட்டு வந்தவன் ஒருத்தன் நம்ம தெருவுல இருக்கறான். பேரைச் சொல்ல மாட்டேன், உனக்கு ஒறம்பரை. தினமும் காத்தால ஏழு மணிக்கு முன் அறையில உக்காந்துக்குவான். அந்த நேரத்துல மிக்சி ஓடக் கூடாது. பசங்க பாடத்தைச் சத்தம்போட்டுப் படிக்கக் கூடாது. பள்ளிக்கூட வேன் ஏழே முக்காலுக்கு வந்துரும், சோறு ஆகோணும். ஒரு நாள் குக்கரு விசில் அடிச்சுப்போடுச்சு. எந்திரிச்சு வந்தாம் பாரு, வெள்ளை வேட்டியோட, கண்ணு செவந்து! தெருவே கேட்டுச்சு. அன்னையில இருந்து அவன் பொண்டாட்டி, அந்தப் புள்ள, குக்கரைத் தூக்கிக்கிட்டுப் பொடக்காலிக்குப் போயி வெறகடுப்புல வெக்குது. புகையில கண்ணைக் கசக்கிக்கிட்டு எங்கிட்டச் சொல்லுச்சு: "அவரு அரைமணி நேரம் தியானம் பண்ணறாருங்க மாமா. அந்த அரைமணி நேரமும் நாங்க தவம் பண்ணறோம்."

மூணு விசிலுக்குத் தாங்காத மனசு வேற எதைத் தாங்கப் போகுது கண்ணு? அவன் எத்தனாவது நிலைன்னு அவன் குருவைக் கேக்காதே. அந்தப் புள்ளையைக் கேளு. குக்கரு எங்க வேகுதுன்னு பாரு.

ஒரு குருவைச் சுத்திக் கூட்டம் பெருசானா என்ன ஆகும்னு உங்காலத்துப் பசங்களுக்கு ஒரு படமே எடுத்துக் காட்டியாச்சு, நீதான் போனுல போட்டுக் காட்டினே. ரஜனீசுங்கற சாமியாரு கதை. புனேயில இருந்த அவரு எடத்து வாசல்ல, செருப்பையும் மூளையையும் இங்கியே உட்டுட்டு வாங்கன்னு எழுதி வெச்சிருந்தாங்களாமா. சிரிக்கறதுக்கு எழுதினதுதான். ஆனா செருப்புக்கு டோக்கன் குடுக்கறாங்க, மூளைக்குக் குடுத்தாங்களா? 1981-ல அமெரிக்காவுக்குப் போனாரு. ஒரிகன்ல அறுபத்தி நாலாயிரம் ஏக்கரா நெலம். தொண்ணூத்தி மூணு ரோல்ஸ் ராய்ஸ் காரு. அவரு தினம் காருல மெல்லப் போவாரு, சனங்க ரண்டு பக்கமும் நின்னு கும்புடுவாங்க. ஒரு மனுசனுக்கு ஒரு சமயத்துல எத்தனை காருல உக்கார முடியும்? நம்ம ஊட்டுல ரண்டு சைக்கிள் இருந்தப்பவே ஒண்ணு துருப் புடிச்சுது.

அங்க போறதுக்கு மின்னாலயே பேச்சை நிறுத்திப்போட்டாரு. மூணு வருசத்துக்கு மேல சபையில பேச்சில்லை. குரு வாயை மூடினா ஆரு வாயைத் தொறப்பாங்க? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கோணுமே. காரியதரிசி சீலா கையில எல்லாம் போயிருச்சு. அந்த ஜில்லாத் தேர்தல்ல செயிக்கோணும்னு, ஊர்க்காரங்க ஓட்டுப் போட வராம இருக்கறதுக்கு, 1984-ல தி டேல்ஸ்ங்கற ஊருல ஓட்டல் ஓட்டலாப் போயிக் காய்கறித் தட்டுல நோய்க் கிருமியைக் கலந்து உட்டாங்க. 751 பேருக்கு வாந்தி பேதி. ஆரு கலந்தது? வெடியால எந்திரிச்சுத் தியானம் பண்ணறவங்க. அன்பு, கருணைன்னு பேசறவங்க. அந்தக் கூட்டத்துல டாக்டரும் வக்கீலும் பட்டம் படிச்சவங்களும் நெறைய. அடுத்த வருசம் சீலா ஓடிப்போயிப் புடிபட்டு ஜெயிலுக்குப் போனா. குருவையும் புடிச்சு, நாட்டை உட்டு அனுப்பிப்போட்டாங்க. எனக்கு அந்தக் கிருமியை விட, கலக்கச் சொன்னப்ப "ஏன்?"னு கேக்காதவங்களை நெனைச்சாத்தான் பயமா இருக்குது. எத்தனையோ பேரு இருந்த எடத்துல ஒரு கெழவி இருந்திருந்தாப் போதும். "ஏண்டி, திங்கற சோத்துலயா கை வெக்கறே?"ன்னு வெளக்குமாத்தை எடுத்திருப்பா.

அதுக்கு மின்னால 1968-ல, ரிசிகேசத்துல மகேஷ் யோகிகிட்டத் தியானங் கத்துக்கப் பீட்டில்ஸ் பாட்டுக்காரங்க நாலு பேரு வந்தாங்க. உலகமே பேசுச்சு. அதுல ரிங்கோன்னு ஒருத்தன், இந்தச் சோறு நமக்கு ஒத்துவராதுன்னு பொட்டி நெறைய டப்பாப் பீன்சு கொண்டாந்தான். பத்து நாள்ல "எனக்கு இவ்வளவு போதும்"னு ஊட்டுக்குக் கெளம்பிப்போட்டான். நாலு பேருல தன் வயித்தைத் தெரிஞ்சவன் அவந்தான். அந்த ஆசிரமம் பின்னால பாழாக் கெடந்து, இப்ப வனத்துறை டிக்கெட்டுக் கிழிச்சு உள்ள உடுது. செடி கொடி மொளைச்ச குகைக்குள்ள போயிப் போட்டோ புடிச்சுக்கறாங்களாமா.

இத்தனை சொன்னாலும் நீ போகாதேன்னு சொல்ல மாட்டேன். பணம் வேற கட்டிப்போட்டே, திருப்பித் தர மாட்டாங்கன்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்குது, பாத்தியா? நான் பாத்தேன். போ. நல்லாக் கண்ணை மூடு. ஆனா தொறந்திருக்கற நேரத்துல நல்லாத் தொறந்து பாரு. சோறாக்கறது ஆரு? அவங்களுக்குச் சம்பளம் உண்டா, இல்லை சேவைன்னு பேரு வெச்சிருக்கறாங்களா? மேடையில இருக்கறவரு திங்கறதும் அடுப்படியில இருக்கறவன் திங்கறதும் ஒரே சோறா? நடுவுல ஒரு நாள், எனக்குப் புடிக்கலை, நான் ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிப் பாரு. பஸ்ஸுக்கு வழி சொல்லறாங்களா, இல்லை சுத்தி உக்காந்துக்கிட்டுப் புத்தி சொல்லறாங்களா?

கேள்வி கேட்டா, "உங்க ஆணவம் பேசுது"ம்பாங்க. செரின்னு ஒத்துக்க. ஆணவமே பேசட்டும். சுடுதண்ணி ஏன் வரலைன்னு ஆணவம் கேட்டா அதுக்குப் பதில் கெடையாதா? போன வருசம் வந்த பணம் எங்க போச்சுன்னு ஆணவம் கேட்டா, கணக்குப் புஸ்தகத்துல எழுத்து அழிஞ்சா போயிரும்?

அங்க போனதும் உன்னைய ஏதாச்சும் சேவைக்குப் போடுவாங்க. நூறு பேரு தின்ன தட்டைக் கழுவுவே, சிரிச்சுக்கிட்டே கழுவுவே, ஆனந்தமா இருந்துச்சுன்னு வந்து சொல்லுவே. நல்லதுதான். ஆனா காத்தால நீ காப்பி குடிச்ச டம்ளரு இன்னும் திண்ணையிலயே கெடக்குது, ஈ மொய்க்குது. அதை எடுத்துக் கழுவறதுக்கு எத்தனாவது நிலை போகோணும்?

கெளம்பறப்ப அங்க கடை ஒண்ணு இருக்கும். வெளிய வர்ற வழியே அந்தக் கடைக்குள்ளதான் போகும், பாத்துக்க. ருத்ராச்சம், ஊதுபத்தி, தேனு, குரு படம் போட்ட சாவி வளையம் எல்லாம் இருக்கும். உங்கம்மாவுக்கு என்னமாச்சும் வாங்கோணும்னா வாங்கு. செம்புக் குடுவையை மட்டும் வாங்கியாந்துராதே. உங்க அமத்தா சீரா கொண்டாந்த செம்புக்கொடம் பரண்ல கெடக்குது. புளி போட்டுத் தேச்சீன்னா போதும். புளி நம்ம மரத்துதுதான், காசு வேண்டாம்.